திரை போடக் கூடாத தகனக்கூடம்

கண்ணாடியில் படியும் நெற்றி எண்ணெயைத் துடைப்பதற்கென்றே நன்பா மிசாவோ தனியாக ஒரு துணி வைத்திருக்கிறார். வேறு எதற்கும் அதைத் தொட மாட்டார். துடைத்து முடித்ததும் வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, கையை முழங்கை வரை கழுவுவார்.

உசுகிதானி ஊராட்சித் தகனக்கூடத்தில், எலும்பு எடுக்கும் அறைக்குத் தெற்குப் பக்கம் சுவரே கிடையாது. பதினோரு மீட்டர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி. அதை ஒட்டி ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குக் கல் பாவிய விளிம்பு. அதற்கப்பால் குளம், குளத்துக்கு அப்பால் புல்வெளி. இந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்காகத் தோக்கியோவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். வந்தவர்கள் அந்த விளிம்பில் நின்று, நெற்றியையும் மூக்கையும் கண்ணாடியில் வைத்து அழுத்தி உள்ளே பார்க்கிறார்கள். அவர்கள் போன பிறகு கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கறை. வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் க்ரீம் நாற்றம் வேறு.

"யாரு காலைல மூஞ்சி கழுவினாங்க, யாரு கழுவலன்னு இந்தக் கண்ணாடியைப் பாத்தே சொல்லிடுவேன்" என்பார் மிசாவோ. "எலும்பு எனக்கு அருவருப்பா இல்ல. இதுதான் குமட்டுது."

மிசாவோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தகனக்கூடத்துக்கு வந்து பத்தொன்பது வருடம். அதற்கு முன் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் ஊராட்சிச் சமையற்கூடத்தில் இருந்தார். பிள்ளைகள் குறைந்துபோய் சமையற்கூடத்தை மூடினார்கள். ஊராட்சி ஊழியரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஆள் குறையாத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது, அங்கே மாற்றினார்கள்.

முதல் வருடம் அக்கம்பக்கத்தில் அவர் கையால் ஊற்றிய தேநீரைக் குடிக்கத் தயங்கினார்கள். கணவர் மரலாரி ஓட்டுநர், அவரே கொஞ்ச நாள் வேறு துண்டு வைத்துக் கொண்டாராம். மிசாவோ சண்டை போடவில்லை. "நேத்து வரைக்கும் என் கையால குழம்பு தின்னீங்க. கை மாறிடுச்சா?" என்று ஒரு தடவை கேட்டார், அதோடு சரி. இன்றைக்கு ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வைத்தியருக்குச் சொல்வார்கள், அடுத்தது மிசாவோவுக்கு.

சமையற்கூடத்துப் பழக்கம் அவரை விடவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைப்பார். எலும்பு வரும் எந்தத் தட்டு எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து வந்தது, எத்தனை நிமிடம் ஆறியது, எலும்பு எடுக்கும் கோல்கள் எத்தனை ஜோடி வேண்டும் என்று அட்டையில் எழுதி மாட்டுவார். குடும்பத்தார் இருவர் இருவராக நின்று, ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்து எடுத்து, ஜாடியில் போட வேண்டும். கால் எலும்பில் தொடங்கி மேலே போய், கழுத்து எலும்பைக் கடைசியாக வைக்க வேண்டும். அப்போதுதான் போனவர் ஜாடிக்குள் தலைகீழாக இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கை நடுங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் மிசாவோ நிற்பார். எந்த எலும்பு எது என்று மெதுவாகச் சொல்வார். அவ்வளவுதான் அவருடைய வேலை. அதை அவர் சொதப்பியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய தகனக்கூடமும் ஒன்றும் சொர்க்கமில்லை. கூரை ஒழுகும், புகைபோக்கியிலிருந்து கரி விழுந்து துணி கெடும். ஆறு வருடத்துக்கு முன் அதை இடித்துவிட்டு இதைக் கட்டினார்கள். வடிவமைத்துக் கட்டியவர் பெரிய பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். திறப்பு விழாவுக்கு மூன்று அமைச்சகத்திலிருந்து ஆள் வந்தார்கள். விருது வந்தது. எங்கள் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அரைப்பக்கப் படம் போட்டோம்.

படத்தில் அழகாகத்தான் இருந்தது. உள்ளே நடந்துபார்த்தால் வேறு. வாசல் கதவுக்குக் கைப்பிடி கிடையாது, சுவரோடு சுவராக இருக்கும். எண்பது வயதுக் கிழவர்கள் சாம்பல் நிறக் கான்கிரீட்டைத் தடவிக்கொண்டே நிற்பார்கள். கழிப்பறைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் சாம்பலின் மேல் சாம்பலாக எழுதியிருக்கிறது. துக்க உடையில் வந்த ஒருவர் தேடித் தேடி, கடைசியில் மூங்கில் புதரில் போய்விட்டு வந்தார். தரை வழுவழு, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. குளத்தில் தண்ணீர் ஓடாது. ஆகஸ்டில் பச்சைச் சளி மாதிரி பாசி மிதக்கும். அதில் மல்லாந்து மிதக்கும் செத்த தவளையை வலைபோட்டு எடுப்பது மிசாவோவின் காலை வேலை. கட்டியவர் எழுதிய விளக்கத்தில் அந்தக் குளத்துக்கு 'அமைதியின் மேல்தோல்' என்று பெயர்.

முதல் கோடையிலேயே மிசாவோ திரை கேட்டார். கண்ணாடி அறையில் எலும்பு எடுக்கும்போது புல்வெளியில் நிற்கிற யாருக்கும் எல்லாம் தெரிகிறது, ஒரு திரை போட்டால் போதும் என்று மனு எழுதினார். ஊராட்சி அதைக் கட்டியவரின் அலுவலகத்துக்கு அனுப்பியது. தோற்றத்தில் எதை மாற்றினாலும் அவர்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நீருக்கும் துயரத்துக்கும் நடுவே துணி வரக் கூடாது, திரை போட்டால் அறை இறந்துவிடும் என்று அதில் இருந்தது.

"அறை செத்துடுமாம்" என்று மிசாவோ அந்தக் கடிதத்தைச் சக ஊழியர் தமாகியிடம் காட்டினார். தமாகி அடுப்பு இயக்குபவர், அதிகம் பேசாதவர். வாசித்துவிட்டு, "செத்தா இங்கதான கொண்டு வரணும்" என்றார்.

பார்வையாளர்கள் தொல்லை வருடத்துக்கு வருடம் கூடியது. அழுதுகொண்டிருக்கிற குடும்பத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரைத் தடவுவார்கள். தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் படம் எடுப்பார்கள். வெளிச்சம் எத்தனை மணிக்கு நன்றாக விழும் என்று மிசாவோவிடமே கேட்பார்கள். போன வசந்த காலத்தில் அது எல்லை மீறியது. சவப்பெட்டி வைக்கும் தள்ளுவண்டியில் ஒரு இளைஞன் ஏறிப் படுத்துக் காமிராவைப் பிடித்துக்கொண்டிருந்தான். காலில் கூடம் கொடுத்த செருப்பு. மிசாவோ கையில் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"போறவங்க கடைசியா பாக்கற கோணம் இதுதானே. அதை எடுக்கறேன்."

"போறவங்க கண்ணை மூடியிருப்பாங்க. பெட்டியும் மூடியிருக்கும். எறங்குங்க."

அவன் இறங்கி, குனிந்து நன்றி சொல்லிவிட்டு, இன்னொரு படம் எடுத்துக்கொண்டு போனான். மிசாவோ அந்த வண்டியை மூன்று தடவை கழுவினார். மறுநாள் காலை ஊராட்சி அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றார்.

ஒரு ஏற்பாடு பிறந்தது அப்படித்தான். பழைய நிலாப் பஞ்சாங்கத்தில் ஆறு நாளுக்கு ஒரு தடவை வரும் தோமொபிகி என்ற நாளில் யாரும் பிணம் எரிப்பதில்லை. அன்றைக்கு எரித்தால், போகிறவர் துணைக்கு ஒரு சிநேகிதரையும் இழுத்துக்கொண்டு போவாராம். ஆகவே தகனக்கூடத்துக்கு அன்று விடுமுறை. இனி பார்வையாளர் பஸ் எல்லாம் தோமொபிகி அன்று மட்டும்தான் என்று சுற்றுலாப் பிரிவு எழுதிக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டவர் ஓகிட்சு, முப்பது வயது, ஒசாகாவிலிருந்து வந்து சேர்ந்தவர், சுறுசுறுப்பானவர். எதற்கும் முதலில் தலை குனிந்துவிட்டுத்தான் பேசுவார். மிசாவோவைக் குடும்பப் பெயர் சொல்லி, மரியாதையாக 'நன்பாசான்' என்பார்.

கோடை முழுக்க ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தகனக்கூடத்தில் நாள் கேட்டுக்கொண்டதால் ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. இலையுதிர் காலத்துக்குப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு பஸ் என்று ஓகிட்சு தானே புதுப் பட்டியல் போட்டார்.

அக்டோபரில் சைக்கிள் கடை அகாகி ஷோஸோ இறந்தார். எழுபத்தெட்டு வயது. ஞாயிறு இரவு ஆஸ்பத்திரியில் போனவரைச் செவ்வாய் தோமொபிகி என்பதால் புதன்கிழமைக்கு வைத்தார்கள். அவர் மனைவி ஹமாயே திங்கள் காலையே மிசாவோவைத் தேடி வந்தார். இருவரும் ஒரே தெரு. ஹமாயேவின் நாக்கு ஊரறிந்தது.

"மிசாவோசான், ஒண்ணு கேக்கணும். எங்க ஆளு எவ்வளவு மினுக்குன்னு ஒனக்குத் தெரியும்."

"தலைமுடிக்கு மை அடிச்சது எனக்கும் தெரியும், கடைத்தெருவுக்கே தெரியும்."

"ஆஸ்பத்திரியில பல்செட்டைக் கழட்டினதுக்கு அப்புறம் பேரப்பிள்ளைங்களைக்கூட உள்ள விடல. வாயை மூடிக்கிட்டே செத்தான். இப்ப மொத்தமா எலும்பா கெடக்கப் போறான். வீட்டு ஆளுங்க பாத்தா போதும். வெளியாள் கண்ணு ஒண்ணு படக் கூடாது. அந்தக் கண்ணாடி ரூமை நெனச்சாதான் பயமா இருக்கு."

"புதன்கிழமை பஸ் கிடையாது. யாரும் வர மாட்டாங்க."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல."

மிசாவோ சும்மா வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஓகிட்சுவின் கடிதம் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. தோமொபிகி அன்று மட்டும் என்று கறுப்பு மையில் இருந்தது.

நடந்த தப்பு என்னவென்றால், ஓகிட்சு பட்டியல் போட்டது ஊராட்சி அலுவலகக் காலண்டரை வைத்து. அதில் தோமொபிகி கிடையாது. மூடநம்பிக்கையை அரசு அலுவலகம் அச்சடிக்கக் கூடாது என்று சில வருடங்களுக்கு முன் எடுத்துவிட்டார்கள். ஆறு நாளுக்கு ஒரு தடவை என்று கேள்விப்பட்டிருந்த ஓகிட்சு, செப்டம்பரில் ஒரு தோமொபிகியை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே போய்விட்டார். முதல் இரண்டு பஸ் சரியாக வந்தது. ஆனால் பழைய நிலாக் கணக்கில் மாதம் பிறக்கும்போது எண்ணிக்கை அறுந்து புதிதாகத் தொடங்கும். முடிவெட்டும் கடையில் தொங்குகிற காலண்டரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்றாவது பஸ் ஒரு நாள் தள்ளி விழுந்தது. அதுவும் தோமொபிகிக்கு அடுத்த நாளில். முந்தின நாள் காத்திருந்த சாவெல்லாம் சேர்ந்து வருகிற நாள் அது. தகனக்கூடத்துக்கு அதைவிட நெரிசலான நாள் கிடையாது.

புதன்கிழமை மூன்று குடும்பம். அகாகி குடும்பத்துக்குப் பதினொன்றரைக்கு அடுப்பு, ஒன்றரைக்கு எலும்பு. இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம். தட்டை நிறுத்தி வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அந்தப் பஸ்ஸில் நானும் இருந்தேன். கட்டடச் சுற்றுலா ஊருக்கு என்ன செய்திருக்கிறது என்று நாலு பத்தி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர். கட்டடக்கலைப் படிப்புக்காரர்கள், அதில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அழைத்து வந்தவர் கயாமா என்ற பேராசிரியர். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எப்போதும் போலக் கறுப்பில் வந்திருந்தார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு. பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் இறங்கி, சத்தமில்லாமல் வரிசையாக வாசலை நோக்கி நடந்தோம்.

தமாகி வாசலில் நின்றிருந்தார். தாமதமாக வந்த துக்கக்காரர்கள் என்று நினைத்து இடுப்பு வரை குனிந்தார். "காத்திருக்கற அறை வலது பக்கம்" என்றார். அதற்குள் காத்திருக்கும் அறையிலிருந்து ஹமாயே வெளியே வந்துவிட்டார். கறுப்புக் கிமோனோ, கையில் மடித்த கைக்குட்டை. கறுப்பு உடுத்திய நாற்பது பேரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு பேரா?" என்றார் மகனிடம். "எங்கேருந்துடா வந்திருக்காங்க? எல்லாம் அப்பாகிட்ட சைக்கிள் வாங்கின பசங்களா?"

பிறகு முன்னால் வந்து, இரண்டு கையையும் தொடையில் வைத்து, ஆழமாகக் குனிந்தார். "தூரத்துலேருந்து இவருக்காக வந்திருக்கீங்க. ரொம்ப நன்றி. ரொம்ப நன்றி."

முன்வரிசையில் நின்றவர்கள் பதிலுக்குக் குனிந்தார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் குனிந்தேன். பின்னாலிருந்து 'கிளிக்' என்று ஒரு சத்தம். குனிந்திருந்த ஹமாயே நிமிர்ந்து, சத்தம் வந்த பக்கம் பார்த்தார். எல்லோர் கழுத்திலும் தொங்குவதை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்க யாரு?" என்றார்.

பேராசிரியர் கயாமாதான் பதில் சொன்னார். மிக மரியாதையாகச் சொன்னார். "கட்டடத்தைப் பாக்க வந்தவங்கம்மா. உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம்."

ஹமாயேவின் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். அவருக்கு அது கோபமில்லை, வெட்கம். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஏமாந்து நின்ற வெட்கம். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி உள்ளே போனார்.

மிசாவோ அப்போதுதான் அடுப்புப் பக்கமிருந்து வந்தார். பஸ்ஸைப் பார்த்தார், ஓகிட்சுவைப் பார்த்தார். ஓகிட்சு முகம் வெளுத்து, போனில் காலண்டரை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு பன்னெண்டாத்தான் கூட்டினேன் நன்பாசான்..."

"மாசம் பொறந்தா கணக்கு மாறும் தம்பி."

"தெரியாது. மன்னிச்சுக்குங்க. உண்மையிலேயே தெரியாது." குனிந்தார்.

"சரி. பஸ்ஸைத் திருப்புங்க. ஒண்ணரைக்கு எலும்பு எடுக்கறாங்க."

"ரெண்டு மணிக்குத்தான் டிரைவர் எடுப்பாரு. மேயர் வேற அவங்களுக்கு ரெண்டரைக்கு வரவேற்பு வெச்சிருக்காரு." மறுபடி குனிந்தார்.

"ஒவ்வொரு தடவை குனியறதுக்கும் ஒரு ஆளை வெளிய அனுப்பியிருந்தா இந்நேரம் பாதிப் பேர் போயிருப்பாங்க."

மிசாவோ பேராசிரியரிடம் போனார். அரை மணி நேரம் எல்லோரையும் பஸ்ஸில் உட்கார வைக்கும்படி கேட்டார். கெஞ்சவில்லை, சாதாரணமாகக் கேட்டார். கயாமா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சத்தம் இருக்காது, நான் பொறுப்பு. கிட்டயே வர மாட்டோம். குளத்துக்கு அந்தப் பக்கம் புல்வெளியில நிப்போம். புரிஞ்சுக்கணும். காலி அறையை ஆயிரம் பேர் படம் எடுத்துட்டாங்க. இந்த அறை எதுக்காகக் கட்டப்பட்டுதோ அது நடக்கறப்போ பாக்கற வாய்ப்பு எங்களுக்குக் கிடைச்சதே இல்ல."

"உள்ள நடக்கறது அறையோட வேலை இல்ல சார். அகாகி ஷோஸோவோட வீட்டு விஷயம்."

"யார் முகமும் தெரியாத மாதிரிதான் எடுப்பாங்க."

"முகமே இருக்காது சார். எலும்புதான் இருக்கும்."

கயாமா கண்ணை மூடித் தலையசைத்தார். மனம் நெகிழ்ந்துவிட்டதாம். "அதுதாம்மா. அதைத்தான் அந்தத் தண்ணிக்கு முன்னால வெச்சிருக்கார் இதைக் கட்டினவர்."

இவ்வளவு இனிமையாகப் பேசுகிற ஒருவரை அறைய வேண்டும் போல் எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை. மிசாவோ உள்ளே போய்விட்டார். ஊராட்சிச் சொத்தில், ஊராட்சி அழைத்து வந்தவர்கள். அவர்களை விரட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. பேராசிரியர் எல்லோரையும் புல்வெளிக்கு அழைத்துப் போனார். முக்காலிகள் விரிந்தன. ஒருவர் இன்னொருவர் தோளுக்கு மேல் இடம் பார்த்தார்கள். நீளமான லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு மரியாதையாக முன்வரிசை கொடுத்தார்கள்.

உள்ளே நடந்ததை மிசாவோவும் ஹமாயேவும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

மணி ஒன்று இருபது. மிசாவோ காத்திருக்கும் அறைக்குப் போனார். ஹமாயே மூலையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"வாக்குத் தவறிட்டேன்" என்றார் மிசாவோ.

"நீ என்ன பண்ணுவே."

"அடுப்புக்குப் பின்பக்கம் ஒரு இடம் இருக்கு. தமாகிசான் வேலை பாக்கற இடம். குழாயும் ஒயருமா இருக்கும். அழகா இருக்காது."

"அழகா இருக்கறதைத்தான் இப்ப பாத்துட்டு வந்தேனே."

"அங்க ஜன்னலே கிடையாது."

ஹமாயே எழுந்துவிட்டார்.

அடுப்புப் பின்பக்கத்துக்கு ஊழியரைத் தவிர யாரும் போகக் கூடாது. பாதுகாப்பு விதி, கதவில் சிவப்பில் எழுதியிருக்கிறது. கட்டடத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற ஒரே எழுத்து அது. கட்டியவருடைய கை அந்த அறை மேல் படவில்லை. தகரச் சுவர், குழல் விளக்கு, காய்கிற கையுறைகள், தமாகியின் தேநீர்க் குடுவை, தரையில் எண்ணெய்க் கறை. மிசாவோ தட்டு வண்டியை வேலைக்காரர் பாதை வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். தமாகி தன் மேசையைக் காலி செய்து, வெள்ளைத் துணி விரித்து, மேலே ஜாடியை வைத்தார். அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியை ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்த முடியாது, அதனால் அந்த இரைச்சலிலேயே நடந்தது. ஒன்பது பேர் குழாய்களுக்கு நடுவே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது வலது கால் பெருவிரல்" என்று மிசாவோ குரலை உயர்த்திச் சொன்னார். ஹமாயேவும் மகனும் சேர்ந்து எடுத்தார்கள்.

"எண்ணெய் நாத்தம் அடிக்குது" என்றார் ஹமாயே. "கடை மாதிரியே இருக்கு. இங்கயே படுத்துக்கறேன்னுவான்."

மகள் அழுதுகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஒரு உலோகத் திருகாணி கிடந்தது. பத்து வருடத்துக்கு முன் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்தது. மகனும் சைக்கிள் தொழில்காரர்தான். கோலால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன சைஸ்?" என்று கேட்டார் ஹமாயே.

"ஏழு மில்லி இருக்கும்மா. நல்ல சரக்கு."

"துருப்பிடிக்கலையே. அவனுக்கே இப்படி ஒரு ஆணி போட வராது."

யாருக்கும் அவசரமில்லை. கழுத்து எலும்பை ஹமாயே தனியாகக் கையில் ஏந்திப் பார்த்தார். தாடை எலும்பில் ஒரு பல்கூட இல்லை. வீட்டு ஆளுங்க ஒன்பது பேரும், மிசாவோவும் தமாகியும்தான் அதைப் பார்த்தார்கள். ஜாடியை மூடினார்கள்.

அதே நேரம் நாங்கள் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தோம். நாற்பத்திரண்டு காமிரா ஒரு காலி அறையைக் குறிவைத்திருந்தது. பேராசிரியர் காற்றில் கையால் கோடு போட்டு, மெல்லிய குரலில், தண்ணீரில் கூரை எப்படிப் பிரதிபலிக்கிறது என்று விளக்கினார். ஒன்றரை ஆயிற்று, ஒன்றே முக்கால் ஆயிற்று. கொசு கடித்தது. பாசி நாறியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டினார். இரண்டு மணிக்கு டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நம்மள ஏமாத்திட்டாங்க" என்றாள் ஒரு பெண், பஸ்ஸுக்கு நடக்கும்போது. உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னாள். திருட வந்த வீட்டில் பெட்டி காலியாக இருந்தால் திருடனுக்கு வரும் வருத்தம்.

அந்த நாலு பத்தியை நான் எழுதவில்லை.

விதியை மீறியதற்காக மிசாவோவிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம்: மறுபடி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்? 'அடுத்த முறையும் இதையே செய்வேன்' என்று எழுதினார் மிசாவோ. பிரிவுத் தலைவர் திருப்பி அனுப்பினார். மிசாவோ அதே வரியை இன்னும் நல்ல கையெழுத்தில் எழுதி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை தலைவர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டார்.

விஷயம் ஊரில் பரவாமல் இருக்குமா? ஹமாயேவுக்கு நாக்கு திரும்பியிருந்தது. நவம்பரில் இன்னொரு குடும்பம் வந்து, "நாங்களும் பின்பக்கமே எடுத்துக்கறோம்" என்றது. டிசம்பரில் நாலு குடும்பம். பனி உருகும் சமயத்துக்குள் கண்ணாடி அறையைக் கேட்கிறவர்களே இல்லை என்று ஆயிற்று.

ஏப்ரலில் ஓகிட்சு வந்தார். கையில் ஒரு பெட்டி பீன்ஸ் இனிப்பு, முகம் முழுக்கச் சிரிப்பு. ஊராட்சி முடிவு எடுத்துவிட்டதாம். அடுப்புப் பின்பக்கத்தில் குழாய்களை மறைத்து ஒரு தடுப்பு, தரைக்கு ரப்பர் விரிப்பு, ஒரு மேசை. இனி குடும்பத்தார் முறைப்படி அங்கேயே எலும்பு எடுக்கலாம். கண்ணாடி அறை எல்லா நாளும் பார்வையாளர்களுக்கு. தோமொபிகி கணக்கெல்லாம் இனி பார்க்க வேண்டியதில்லை.

"கட்டினவர் ஆபீஸும் ஒத்துக்கிட்டாங்க நன்பாசான். முன்பக்கத்துல எதையும் மாத்தலையே. எல்லாருக்கும் நல்லதா முடிஞ்சுது."

மிசாவோ பெட்டியை வாங்கவில்லை.

"இந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டினது?"

ஓகிட்சு யோசித்தார். "ஊர்க்காரங்களுக்கு."

"ஊர்க்காரங்க கொல்லைப்பக்கம் வரணும். வேடிக்கை பாக்கறவங்க வாசல் வழியா வரணும். செத்தவனைக் கொல்லைக்கு அனுப்பிட்டு, அவனுக்குக் கட்டின கூடத்துல ஊரான் செருப்பு மாட்டிக்கிட்டு நடப்பான். இதுல யாருக்கு நல்லது தம்பி?"

"நீங்கதானே நன்பாசான் முதல்ல பின்பக்கம் கூட்டிட்டுப் போனது..."

"ஆமா. வீட்டுல திருடன் பூந்தா பொண்டு பிள்ளையைக் கொல்லை வழியா வெளிய அனுப்புவாங்க. அதுக்காக வீட்டைத் திருடனுக்கே எழுதிக் குடுத்துடுவாங்களா?"

ஓகிட்சுவின் சிரிப்பு போய்விட்டது. இந்தத் தடவை குனியவில்லை. இனிப்புப் பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனார். அங்கே ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. இறங்கிய முதல் ஆள் கதவுக்குக் கைப்பிடி தேடாமல், கான்கிரீட்டில் கன்னத்தை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மிசாவோ அதைப் பார்த்தார். தரையில் துப்ப வேண்டும் போல் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார், ஆனால் துடைக்கப்போவதும் தானே என்பதால் விழுங்கிக்கொண்டாராம். பதினொரு மணிக் குடும்பம் பின்பக்கம் காத்திருந்தது. அவர்களுக்கு வழிகாட்டப் போனார்.